திருடு போகாத அட்டிகை

நசருல்லா பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வளையல் போடுகிறவனுக்குக் கை தெரிந்தால் போதும். பல வருஷம் கழித்துப் பார்க்கிற பெண்ணின் பெயர் அவருக்கு மறந்திருக்கும். கையைத் தொட்டதும், "நீ பாகலூரார் மருமக இல்ல?" என்பார்.

மத்திகிரியில் அரசாங்கக் கால்நடைப் பண்ணையின் வேலியை ஒட்டிய வரிசையில் அவர் வீடு. விடிந்ததும் மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். கயிற்றில் கோத்த கண்ணாடி வளையல் கொத்துகள், முன்னால் கொஞ்சம், முதுகில் கொஞ்சம். நடக்கும்போது சத்தம் வரும். தெருவுக்கு அதுவே தகவல். ஒரு வாரம் பாகலூர், பேரிகை என்று இந்தப் பக்கம். அடுத்த வாரம் எல்லை தாண்டி மாலூர்ப் பக்கம். அங்கே கன்னடம், இங்கே தமிழ், விலை பேசும்போது தெலுங்கு.

அந்தப் பக்கத்துப் பெண்ணை இந்தப் பக்கம் கட்டிக்கொடுப்பது அங்கெல்லாம் சாதாரணம். இது மதராஸ் ராஜ்யம், அது மைசூர் ராஜ்யம் என்பது சாராயம் கடத்துகிறவர்களுக்கும் அவர்களைப் பிடிக்கிற போலீசுக்கும்தான் முக்கியமாக இருந்தது. மகளை எல்லைக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்ட தாய்மார்கள் நசருல்லாவுக்காகக் காத்திருப்பார்கள். "எம் பொண்ணுக்கு என் பேரச் சொல்லி ஒண்ணு போடு, நசரு" என்பார்கள். அவரும் போடுவார். விலை கொடுத்து வாங்கிய வளையல்களை இரண்டு கையிலும் போட்டு முடித்த பிறகு, இடது கையில் கடைசியாக ஒன்று. அதற்கு விலை கிடையாது. பிறந்த வீட்டு வளையல் என்று பெயர். தாய் சொல்லி அனுப்பினாலும் போடுவார், தாய் இல்லாத பெண்ணுக்கும் போடுவார்.

அந்த ஒரு வளையல் விரல் முட்டிகளைத் தாண்டுகிற நேரத்தில்தான் சேதி சொல்வார். மாடு கன்று போட்டது, தம்பிக்குக் காய்ச்சல் விட்டது, அப்பா உன் பேரைச் சொல்லிச் சாப்பிடாமல் இருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கேட்காத குரல். பெண்ணும் பதில் சேதி சொல்வாள். அது வேறு யார் காதுக்கும் போகாது. வெளியே சொன்னால் அடுத்த ஊரில் ஒருத்தியும் கை நீட்டமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

பேரிகைக்குக் கிழக்கே அரளிசந்திரம். ராகி, அவரை, ஒரு ஏரி, ஒரு மாரியம்மன் கோயில். அங்கே கோவிந்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள் காவேரி. அவள் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், தொட்டனூர். கல்யாணத்தில் சீர் விஷயமாகப் பேச்சு தடித்து, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. காவேரியின் மாமியார் சென்னம்மாள், "அந்த ஊட்டு வாசப்படிய நானும் மிதிக்கமாட்டேன், இவளும் மிதிக்கக்கூடாது" என்று சொன்னவள் சொன்னதுதான். நடுவில் போய்வந்துகொண்டிருந்தது நசருல்லா மட்டும். காவேரி அவரை அண்ணா என்று கூப்பிடுவாள். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட அந்த ஊரில் அவளுக்கு ஆள் இல்லை.

மார்கழியில் ஒரு நாள், சென்னம்மாள் களத்தில் ராகி தூற்றப் போயிருந்த சமயம், காவேரி கையை நீட்டவில்லை. முந்தானையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து வளையல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"என்னாம்மா இது?"

"அட்டிகை. எங்கம்மா எனக்குப் போட்டது. முனிவேலுக்குப் பொண்ணு முடிவாயிருக்குதில்ல? பொண்ணு ஊட்டுக்காரங்க நக போட்டுத்தான் தாலி கட்டணுங்கறாங்களாம். அம்மாகிட்ட ஒண்ணும் இல்ல. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரும். நீ கொண்டாந்துரு."

"ஊட்ல கேட்டியா?"

"கேட்டா குடுப்பாங்களா? கல்யாணத்துக்கே என்னைய அனுப்பமாட்டேங்கறாங்க."

நசருல்லா சுருளைத் தொடவில்லை. "நக விவகாரம் வேணாம் பாப்பா. சேதி சொல்லச் சொல்லு, எத்தன வேணா சொல்றேன்."

"பெட்டிய யாரும் தொறக்கமாட்டாங்க அண்ணா. சாவி என் இடுப்புலதான இருக்குது." பிறகு சொன்னாள்: "என் தம்பி கல்யாணத்துல நான் இருக்கமாட்டேன். என் அட்டிகையாச்சும் இருக்கட்டுமே."

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. வழக்கம்போல இரண்டு கையிலும் வளையல் போட்டு, கடைசியாகப் பிறந்த வீட்டு வளையலும் போட்டுவிட்டு, சுருளை மலாரத்துக்குள் செருகிக்கொண்டார். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் நிறுத்தினார்கள். மலாரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கான்ஸ்டபிள், "பாய், சாராயத்த வளையலுக்குள்ள ஊத்தியா கொண்டுபோற?" என்று சிரித்து, மகளுக்கென்று ஒரு ஜோடி பச்சை வளையல் எடுத்துக்கொண்டார். துணிச் சுருள் தொட்டனூருக்குப் போய்ச் சேர்ந்தது. காவேரியின் அம்மா லட்சுமியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கல்யாணம் முடிஞ்ச வாரம் வா, நசரு. கையோட வாங்கிட்டுப் போ."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சொன்ன வாரம் அவர் போனார். "பொண்ணோட அண்ணன்மாரு இன்னும் ஊருக்குப் போகல. அவங்க எதிருக்க கழுத்துலேர்ந்து கழட்ட முடியுமா? அடுத்த தரம் வா" என்றாள்.

அந்த அடுத்த தரத்துக்குள் சென்னம்மாள் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். மருமகள் வெறும் கழுத்தோடு போனால் ஊர் என்ன பேசும்?

காவேரி பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். எல்லாம் எடுத்த பிறகும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். "காணோம்" என்றாள்.

திருடு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. சென்னம்மாள்தான் சொன்னாள், அதுவும் தெருவில் நின்று. காவேரி மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர் கூடியது. பூட்டு உடையவில்லை, ஆகவே சுவரைப் பார்த்தார்கள். பின்சுவரில் மழைக்குக் கரைந்த ஒரு பொத்தல் இருந்தது. எலி போகும். ஒருவர் விரலை விட்டுப் பார்த்தார். இன்னொருவர் குச்சியை விட்டார். அடுத்தவர் கையை விட்டபோது மண் சரிந்தது. சாயங்காலத்துக்குள் அதில் ஒரு ஆள் தலையை நுழைக்கலாம் என்று ஆகிவிட்டது. கன்னம் வைத்துத் திருடியிருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. சூளகிரிக் கணவாயில் வண்டி மறிக்கிறார்கள் என்று பேச்சு இருந்த காலம் அது. மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறது, உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறார்கள், பிடித்தால் வழுக்கும் என்று ஒருவர் சொன்னார். பிடித்துப் பார்த்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று காணாமல்போனது. செம்பு, கடப்பாரை, கோழி. கோழி இரண்டு நாளில் குஞ்சுகளோடு திரும்பி வந்தது. கடப்பாரை கிணற்றடியில் கிடைத்தது. கிடைத்ததை யாரும் ஊருக்குச் சொல்லவில்லை.

ஊரில் பெரிய நிலக்காரர் ராஜப்பன். அவர் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். "போலீஸ் கீலீஸ் வேணாம். நம்ம ஊர நாமதான் காக்கணும்" என்றார். போலீஸ் ஏன் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய வண்டிகள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வைக்கோல் மட்டும் கொண்டுவரவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பேசியது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஊர் வாயில் இரண்டு கல் நட்டு, நடுவில் ஒரு மூங்கிலைப் போட்டார்கள். எல்லையில் போலீஸ் போட்டிருந்ததைப் பார்த்துச் செய்தது. அதனால் 'கேட்' என்றே பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துக் காவல். வெளியூர்க்காரன் வந்தால் அங்கேயே நிற்கவேண்டும். உள்ளேயிருந்து யாராவது வந்து, "இவரு நம்ம ஆளு" என்று சொன்னால் மூங்கில் தூக்கப்படும். கோவிந்தப்பனின் முறை வரும்போது அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனான். தன் வீட்டில் போன அட்டிகையால்தான் ஊர் ஒன்றுகூடியது என்று அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

முதலில் அகப்பட்டவன் குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடை ரிப்பேர்க்காரன். பையைக் கொட்டச் சொன்னார்கள். குடைக் கம்பிகள் விழுந்தன.

"இத வெச்சி என்னாடா பண்ற?"

"கொடைக்குப் போடறதுங்க."

"மழையே இல்லாத மாசத்துல கொடையா?"

அவன் குனிந்து கம்பிகளைப் பொறுக்க ஆரம்பித்தான். சுவரைக் குடையத்தான் கம்பி என்று தீர்ந்துபோயிற்று. அடித்து ஏரிக்கரை வரை துரத்தினார்கள். காவேரி அப்போது தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவன் அவளைக் கடந்து ஓடினான். வாயில் ரத்தம் இருந்தது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "என்னா, பயந்துட்டியா?" என்றாள் சென்னம்மாள். "பயப்படாத. புடிச்சிட்டாங்க, இனிமே அவனுங்க வரமாட்டானுங்க."

அவளால் அன்று சொல்லியிருக்க முடியும். அதற்கு முந்தின நாள் என்றால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். அடுத்த நாள் இன்னும் கடினம்.

நசருல்லா இதைப் பேரிகை டீக்கடையில் கேட்டார். சென்னம்மாள் வீட்டில் அட்டிகை திருடு போய்விட்டது என்றார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் காத்தூனிடம் சொன்னார். அவளிடம் எதையும் அவர் மறைத்ததில்லை, வளையல் போடும்போது கேட்டதைத் தவிர. இப்போது அதையும் சொன்னார். காத்தூன் வளையல்களை அளவு பிரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அந்த ஊருக்குப் போகாதீங்க."

"போயி சொல்லணுமில்ல? பொண்ணு பயந்து கெடக்கும். நான் வாங்கியாந்து குடுத்துட்டா, ராகிக் குதிருக்குப் பின்னாடி கெடந்துச்சின்னு எடுத்துக் காட்டிரும். முடிஞ்சிபோச்சி."

"அட்டிகைய மொதல்ல வாங்குங்க. அப்பறம் போங்க."

"அதுவரைக்கும் அது தாங்குமா?"

"அது தாங்கும்ங்க" என்றாள் காத்தூன். "பொய் சொன்னவங்க தாங்குவாங்க. நீங்க தாங்குவீங்களான்னு பாருங்க."

அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை அரளிசந்திரத்துக்குப் போனார்.

கேட்டில் நிறுத்தினார்கள். காவலுக்கு நின்ற இரண்டு பேரும் தெரிந்தவர்கள்தான். அவர்களுடைய மனைவிகளுக்கு வளைகாப்பு வளையல் போட்டவர் அவர். "என்னாப்பா, எனக்கே கட்டையா?" என்றார். ஒருவன் வேறு பக்கம் பார்த்தான். மற்றவன், "யாரு வந்து ஆள் சொல்லுவாங்க பாய்?" என்றான்.

எந்த வீட்டைச் சொன்னாலும் வந்திருப்பார்களோ என்னவோ. நசருல்லா யோசிக்கவில்லை. "கோவிந்தப்பன் ஊட்டுக் காவேரி" என்றார்.

அவன் போனான். திரும்பி வந்தபோது கூடவே ராஜப்பனும் பத்துப் பதினைந்து ஆட்களும் வந்தார்கள். தான் வருவதற்காகத்தான் ஊர் காத்திருந்தது என்பது அப்போதுதான் நசருல்லாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் நடுக்கூடம் வரை வந்து உட்காருகிற வெளி ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். மைசூர்ப் பக்கம் போய்வருகிறவர். இதையெல்லாம் ஊர் பேசி முடித்துவிட்டிருந்தது.

கோயில் முன்னால் நிற்கவைத்தார்கள். நல்ல வெயில். ஆண்கள் சுற்றி நின்றார்கள், பெண்கள் வீட்டு நிலைப்படிகளில். பெரும்பாலான கைகளில் அவர் போட்ட வளையல்.

"கடைசியா எப்ப வந்த?" என்றார் ராஜப்பன்.

"மார்கழியில."

"சென்னம்மா ஊட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"சென்னம்மா ஊட்ல இருந்துச்சா?"

"இல்லீங்க. காவேரியம்மா இருந்தாங்க. அவங்களையே கேளுங்க."

அதைச் சொல்லும்போது அவருக்குப் பயம் இல்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு வார்த்தை போதும். கேட்டில் சொல்கிற அதே வார்த்தை.

சென்னம்மாள் மருமகளைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். "சொல்லு. அன்னிக்கு என்னா நடந்துச்சி?"

"வளையல் போட வந்தாரு."

"போட்டாரா?"

"போட்டாரு."

"அப்பறம்?"

காவேரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் அவளும் அவரும் மட்டும்தான் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி கேட்டாரு" என்றாள். "எடுத்தார கொல்லப்பக்கம் போனேன். வர்றதுக்குள்ள ஏந்திரிச்சி நின்னுட்டிருந்தாரு."

நசருல்லா எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்டதில்லை. கேட்டால் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று அந்த வீட்டுக்குச் சங்கடம் வரும். அதைத் தவிர்க்கவே சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவருவார். அது ஊருக்கே தெரியும். அந்தக் குடுக்கை அப்போதும் அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏம்பா, இவரு குடுக்க வெச்சிருக்காரே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"தீந்துபோயிருக்கும்" என்றார் ராஜப்பன்.

நசருல்லா வாயைத் திறந்தார். அட்டிகை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு வரி வேண்டும். காவேரியின் மணிக்கட்டில் மார்கழியில் போட்ட வளையல்கள், அவற்றுக்குக் கீழே கடைசியாகப் போட்ட அந்த ஒன்று. அவர் வாயை மூடிக்கொண்டார். இப்போது இல்லாவிட்டால் சாயங்காலம், சாயங்காலம் இல்லாவிட்டால் நாளைக்கு அவளே சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்.

"மலாரத்த எறக்குங்கடா" என்றார் ராஜப்பன். "வளையல் ஒடையக்கூடாது. வெள்ளிக்கெழம, கோயில் வாசல்."

இரண்டு பேர் மலாரத்தை அவர் தோளிலிருந்து பதவிசாகத் தூக்கினார்கள். ஊரில் அத்தனை சுமங்கலிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வளையல் உடைந்தால் யார் பொறுப்பு? வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் இருக்க ஒருவன் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு அடித்தார்கள். கோவிந்தப்பன்தான் முதலில் அடிக்கவேண்டும் என்று விட்டுவைத்தார்கள். அவன் ஒரு அடி அடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். முடிந்ததும் மலாரத்தை அதே மாதிரி தூக்கி அவர் தோளில் போட்டார்கள். இனி ஊருக்குள் வரக்கூடாது என்று சொன்னார்கள். ஒரு வளையல்கூட உடையவில்லை.

காத்தூன் மஞ்சளை அரைத்து முதுகில் போட்டாள். "சொல்லிட்டிருக்கலாமில்ல?" என்றாள். அவர் எழுந்து நடக்க மாசி முடிந்துவிட்டது.

நடக்க முடிந்ததும் தொட்டனூருக்குத்தான் போனார். மகள் பேச முடியாது, சரி. தாய் பேசலாம். பேசக்கூட வேண்டாம், அட்டிகையைக் கொடுத்தால் போதும்.

லட்சுமியம்மாள் வாசலில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டாள். முதுகைக் காட்டினார், பார்த்தாள். "பாவிங்க" என்றாள். புளியிலிருந்து கை எடுக்கவில்லை.

"அத இப்ப குடுத்தா எல்லாம் தீந்துருங்க. காவேரியம்மா எங்கயாச்சும் வெச்சி எடுத்துக்கும்."

"எத, நசரு?"

"அட்டிகைய."

"அதுதான் திருடு போயிருச்சின்னு ஊரே சொல்லுதே."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"நீ நல்லா யோசிச்சிப் பாரு" என்றாள் லட்சுமியம்மாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "திருடு போன நக திரும்பி வந்தா, எங்கேர்ந்து வந்துச்சின்னு கேப்பாங்க. எம் பொண்ணு வாழ்றதா வேணாமா? இங்கியும் அப்பிடித்தான். மருமகளுக்குப் போட்டதக் கழட்டினா அவ அண்ணனுங்க சும்மா இருப்பானுங்களா? போனது போனதாவே இருக்கட்டும். எல்லாருக்கும் அதுதான் நல்லது."

"எனக்கு?"

"நீ ஆம்பள. நாலு ஊரு போறவன். ஒரு ஊரு போனா என்னா?"

உள்ளேயிருந்து முனிவேலின் மனைவி வந்தாள். சின்னப் பெண். வளையல் சத்தம் கேட்டு வந்தவள். "அத்தே, நானும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவள் கழுத்தில் அட்டிகை இருந்தது. நடுவில் சிவப்புக் கல், இரண்டு பக்கமும் பச்சை. வெயில் பட்டு அவருடைய கையின்மேல் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அவள் அசையும்போதெல்லாம் அதுவும் அசைந்தது.

அவர் வளையல் போட்டார். நீட்டிய கையை விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் இல்லை. இடது கையில் கடைசி வளையலைப் போடும்போது, "உங்க ஊட்டுக்கு ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கேன்னு சொல்லுங்க. அத்த எனக்கு அட்டிகை போட்டுருக்காங்கன்னு சொல்லுங்க."

லட்சுமியம்மாள் புளிக்கொட்டையைச் சந்தையில் விற்பதா மாட்டுக்கு வைப்பதா என்று பேச ஆரம்பித்தாள்.

திரும்பி வரும் வழியில் நசருல்லா முடிவு செய்தார். காத்தூன் சொன்னது சரி. சொல்லிவிடவேண்டும். ராஜப்பனிடம் இல்லை, கோவிந்தப்பனிடம். புருஷனிடம் தனியாகச் சொன்னால் அது வீட்டோடு போகும். தன் பெயர் தனக்கு வந்தால் போதும். அந்த ஊர் வியாபாரம்கூட வேண்டாம்.

சித்திரையில் ஒரு நாள், கோவிந்தப்பனின் காவல் முறை என்று பேரிகையில் விசாரித்துக்கொண்டு போனார். மூங்கிலுக்கு வெளியே நின்றார். கோவிந்தப்பன் கல்லின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். அடிப்பதற்கா மரியாதைக்கா என்று அவனுக்கே தெரியாதது போல நின்றான்.

"உள்ள வரக்கூடாது பாய்."

"வரல. உங்கிட்ட ஒரு வார்த்த."

கோவிந்தப்பன் சுற்றிப் பார்த்துவிட்டு மூங்கிலுக்கு அருகில் வந்தான். கொஞ்சம் கடலையை அவர் பக்கம் நீட்டினான். "நான் மெதுவாத்தான் அடிச்சேன்" என்றான். "நீதான் எடுத்தன்னு எனக்கு என்னமோ முழுசா மனசு வரல. ஆனா ஊரு சொல்றப்ப என்னா பண்றது? ஒண்ணு சொல்றேன் பாய். இந்தக் கட்ட போட்டதுலேர்ந்து ஊர்ல ஒரு துரும்பு போகல. பக்கத்து ஊர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க, அவங்களும் போடப்போறாங்களாம்."

"முன்னாடி என்னா போச்சி?"

"ஏன், எங்கூட்டு அட்டிகை போகல?"

நசருல்லா மூங்கிலின்மேல் கையை வைத்தார். அதில் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தார்கள். "காவேரியம்மா எப்பிடி இருக்குது?"

கோவிந்தப்பனின் முகம் மாறியது. அந்த ஊரில் அந்த வருஷம் அவர் பார்த்த ஒரே சந்தோஷமான முகம். "முழுகாம இருக்குது பாய். மூணு மாசம். எங்கம்மாகூட இப்பல்லாம் அத ஒண்ணும் சொல்றதில்ல." பிறகு கேட்டான்: "என்னமோ சொல்லணும்னியே?"

சாலையில் ஒரு வண்டி வந்தது. ராஜப்பனுடையது. மேலே வைக்கோல். கோவிந்தப்பன் ஓடிப்போய் மூங்கிலைத் தூக்கினான். வண்டி நிற்காமல் உள்ளே போனது. அவன் மறுபடியும் மூங்கிலை இறக்கினான்.

"ஒண்ணுமில்ல" என்றார் நசருல்லா. "கடல நல்லாருக்குது."

அதன்பின் அவர் மாலூர்ப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும். அரளிசந்திரத்தைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களும் மூங்கில் போட ஆரம்பித்ததில் தெருவில் போய் வியாபாரம் செய்வதே சிரமமாயிற்று. பேரிகை சந்தையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். மலாரத்தைத் தோளில் போட வேண்டியிருக்கவில்லை. வளையல்கள் சாக்கின்மேல் சத்தமில்லாமல் கிடந்தன.

புரட்டாசிக்கு முந்தின சந்தையில் அவருக்கு முன்னால் ஒரு கை வந்து நீண்டது. சற்று வீங்கிய கை. தொடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வளகாப்பு வெச்சிருக்கோம் பாய்" என்றாள் சென்னம்மாள், தலைக்குமேல் நின்றுகொண்டு. எதுவும் நடக்காத மாதிரியான குரல். "ஊருக்குள்ளதான் ஒருத்தனையும் உடறதில்லையே, அதான் இங்கியே போட்டுக் கூட்டிட்டுப் போயிரலாம்னு. வேற ரெண்டு பேருகிட்ட காட்டினேன், மனசுக்குப் புடிக்கல. உன் கை ராசியான கை. அன்னிக்கு நடந்தத மனசுல வெச்சிக்காத. காலம் அப்பிடி."

"ஒக்காரச் சொல்லுங்க" என்றார்.

காவேரி சிரமப்பட்டு உட்கார்ந்தாள். அவர் பச்சையும் சிவப்பும் எடுத்தார். எண்ணெய் தடவி, விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். வலது கை நிறைந்தது. கர்ப்பிணியின் கை வலிக்கக்கூடாது, அதனால் மெதுவாகத்தான் போட்டார். அவளுடைய கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டின்மேல் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"எரியுதா?" என்றாள் சென்னம்மாள். "கொஞ்சம் பொறுத்துக்க. கடைசியாயிருச்சி."

இடது கையும் நிறைந்தது. நசருல்லா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார்.

காவேரி கையை எடுக்கவில்லை. விரல்கள் குவிந்தபடியே இருந்தன. சென்னம்மாள் வெற்றிலைக்காரியிடம் பேசத் திரும்பியிருந்தாள்.

"அண்ணா" என்றாள் காவேரி, அந்தப் பழைய குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பொறந்த ஊட்டு வளையலு."

சாக்கின்மேல் வளையல்கள் நிறைய இருந்தன.

"அந்தப் பக்கம் நான் போறதில்லீங்க" என்றார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பின்னால் நின்றிருந்த ஒருத்தி, "ஆயிடுச்சின்னா ஏந்திரிம்மா, வெயில் ஏறுது" என்றாள். சென்னம்மாள் திரும்பி மருமகளின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். புது வளையல்களின் சத்தம் சந்தைக்குள் கொஞ்ச தூரம் கேட்டது.

நசருல்லா அடுத்தவளின் கையைப் பார்த்தார்.